கண்ணில் சுணை பட்டது, அப்புறம் பூ விழுந்தது: கருவிழிப் பூஞ்சைப் புண் பற்றி எங்கள் பக்கம் கேட்கிற கேள்விகள்

தருமபுரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பல வருடம் இருந்தவன் நான். டாக்டர் இல்லை. பார்வை அளந்து, கண்ணாடிக்கு எழுதி, பெரிய பிரச்சினை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இமையைத் தூக்கிக் காட்டி, "இத கொஞ்சம் பாருங்க சார்" என்பார். ராகிக் கதிர் அடிக்கிற மாதங்களிலும் கரும்பு வெட்டுகிற மாதங்களிலும் இது அதிகம். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கருவிழியில் பூஞ்சையா? ரொட்டியில், ஊறுகாயில் வருகிற பூசணமா?

கிட்டத்தட்ட அந்த இனம்தான். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற படலத்தைத்தான் ஆஸ்பத்திரியில் கருவிழி என்கிறார்கள். அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் ஒளி தடையில்லாமல் உள்ளே போகிறது. ஆனால் கிருமி நுழைந்தால் எதிர்த்து நிற்கிற ரத்த அணுக்கள் வந்து சேரத் தாமதமாவதும் அதனால்தான்.

மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கீறல் ஒன்று விழுந்தால் போதும், காய்ந்த இலையிலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சை வித்து உள்ளே போய், நூல் நூலாக வளர ஆரம்பித்துவிடும். நம் தென்னிந்தியாவில் அதிகம் பார்க்கிறவை ஃபியூசேரியம், அதற்கு அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ்.

இது எங்கேயோ ஒருவருக்கு வருகிற நோய்தானே?

இல்லை. மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். அதில் 284 பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருக்கிறது. கிருமி வளர்த்துப் பார்த்ததில் 297 பேருக்கு முடிவு கிடைத்தது: 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை, மிச்சப் பேருக்கு இரண்டும் கலந்தோ வேறு கிருமியோ. அதாவது நம் பக்கம் கருவிழியில் புண் என்றாலே பாதிக்குப் பாதி பூஞ்சையாக இருக்கலாம். குளிர் நாடுகளில் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, முதலில் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தால் இங்கே பாதிப் பேருக்குத் தப்பாகப் போகும். எனக்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பழக்கம் இருந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் என்னென்ன பட்டு வருகிறார்கள் என்று கேட்டால் என் ஞாபகத்தில் முதலில் வருவது கரும்புச் சோகை. அதன் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். அப்புறம் ராகி, நெல் தூற்றும்போது பறக்கிற சுணை. தார் ரோட்டில் ராகித் தாளைப் பரப்பி வண்டிகளை ஏறவிட்டு அடிக்கிற வழக்கம் இருக்கிறதே, அந்த வழியாக பைக்கில் போகிறவர் கண்ணிலும் அது விழும். புளி தட்டுகிற பெண்களுக்கு ஓட்டுத் துண்டு தெறிக்கும். மாந்தோப்பில் கவாத்து செய்யும்போது குச்சி அடிக்கும். மாட்டு வால் அடித்து வந்தவர்களும் உண்டு. கல் குவாரிச் சில்லு வேறு கணக்கு. அதில் இலை தழை இல்லாததால் பூஞ்சை வாய்ப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

கண்ணில் தூசி விழுந்தவுடன் என்ன செய்யலாம்?

சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். அன்றைக்கே, தள்ளிப்போனால் மறுநாள், கண் பார்க்கிறவரிடம் காட்டுங்கள். ஃபுளோரசின் என்கிற மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக மின்னும், இரண்டு நிமிட வேலை. வெறும் கீறலாக இருந்தால் ஆன்டிபயாடிக் களிம்போடு இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். இலை தழை பட்ட கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டிப் போடக்கூடாது. மூடிய கண்ணின் ஈரமும் சூடும் கிருமிக்கு வசதி.

நாக்கால் தடவித் தூசி எடுக்கிற பாட்டி எங்கள் ஊரில் இருக்கிறாரே?

என் ஊரிலும் இருந்தார், எனக்கே எடுத்திருக்கிறார். அந்தக் கை ராசியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வாயில் இருக்கிற கிருமி கீறலுக்குள் போகும், அதனால் வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தழைச்சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தழைச்சாறு இவற்றில் மோசம். பூஞ்சை எங்கிருந்து வந்ததோ அதையே பிழிந்து கண்ணில் விடுகிறோம்.

சிவந்திருக்கிறது, நீர் வடிகிறது. இது மெட்ராஸ் ஐ-யா, பூஞ்சைப் புண்ணா?

மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்கும் வரும், வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்கும், காலையில் பீளை ஒட்டும். பார்வை மங்காது. பூஞ்சைப் புண் ஒரே கண்ணில் இருக்கும். உறுத்தல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், நாளாக நாளாக மங்கல். கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பு வட்டத்தின் மேல் சாம்பலோ வெள்ளையோ ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி தெரிந்த பிறகு வீட்டு யோசனை எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, பூஞ்சை மெதுவானது. பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கண்ணைப் பழுக்க வைத்துவிடும். பூஞ்சை ஐந்து நாள், பத்து நாள் என்று ஊரும். ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது. "வலி இல்லீங்க சார், லேசா மறைக்குது, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களின் கண்ணைப் பார்த்துப் பல தடவை நான் பயந்திருக்கிறேன்.

மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து போட்டேன். மூன்று நாளில் சிவப்பு போய்விட்டது. அப்புறம் எப்படி மோசமானது?

மற்றதை எல்லாம் விட்டாலும் இந்தப் பதிலை மட்டும் முழுசாகப் படியுங்கள்.

அரூர் பக்கம் கரும்பு வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு வெட்டின்போது சோகை அடித்தது. நான் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். வெட்டுக்கூலி ஆட்களை விட்டுவிட்டு வர மனசில்லாமல் பக்கத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாளே கண்ணின் சிவப்பு போய் வெளுத்துவிட்டது. போனில் என்னிடம், "உங்க ஆஸ்பத்திரி மருந்தைவிட இவன் கொடுத்தது நல்லா கேக்குதுடா" என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டேன். என்ன மருந்து, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பதினோராம் நாள் வந்தபோது கருவிழியின் பின்னால் அடியில் பிறை மாதிரி சீழ் கட்டியிருந்தது. மருத்துவத்தில் அதை ஹைப்போபியான் என்பார்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெத்தசோன் கலந்த மருந்து.

டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. கண் சிவப்பதும் வலிப்பதும் உடம்பு கிருமியோடு போடுகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சிவப்பு போகும், வலி குறையும், மருந்து கேட்கிறது என்று நாம் நினைப்போம். எதிர்ப்பே இல்லாத இடத்தில் பூஞ்சை கருவிழியின் ஆழம் வரை வேர் விடும். கருவிழியின் அடியில் இருக்கிற மெல்லிய சவ்வை, ஓட்டை எதுவும் விழாமலே கூட, பூஞ்சை நூலால் கடந்துவிட முடியும். கண்ணுக்குள் இறங்கிய பிறகு சொட்டு மருந்துக்கு அது எளிதில் அகப்படாது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அதைத்தான் தருகிறார்கள். என்ன கிருமி என்று தெரியாத புண்ணில் விடுவதுதான் தப்பு. பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருந்துப் பெயரின் கடைசியில் ஆங்கில 'டி' (D) எழுத்து தனியாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் கலந்தது என்று அர்த்தம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்கிறவர்கள் நிறையப் பேர். எதைப் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் புண் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று அவருக்குப் புரியும்.

பெரிய டாக்டர் பார்த்தாலே தெரியாதா? எதற்குக் கண்ணைச் சுரண்ட வேண்டும்?

சில அடையாளங்கள் உண்டு. பூஞ்சைப் புண்ணின் ஓரம் இறகு மாதிரி பிசிறாக இருக்கும், மேல்பக்கம் வறண்டு கொஞ்சம் மேடாக இருக்கும், பெரிய புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஆனாலும் ஏமாற்றும். கருவிழி நிபுணர்களிடம் புண்களின் புகைப்படங்களைக் காட்டி, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. சரியான பதில் 66 சதவீதம்தான். நிபுணரின் கண்ணுக்கே மூன்றில் ஒன்று தப்புகிறது என்றால் சுரண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சுரண்டினால் வலிக்குமா?

மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் செய்வார்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்லிட் லேம்ப் கருவியின் முன் தாடையை வைத்து உட்காரச் சொல்லி, சின்னக் கரண்டி மாதிரியான கருவியாலோ பிளேடாலோ புண்ணின் ஓரத்திலும் அடியிலும் துளித்துளியாக எடுப்பார்கள். தொடுவது தெரியும், வலி தெரியாது. மரப்பு விட்ட பிறகு அன்று சாயங்காலம் கொஞ்சம் எரியும். சுரண்டுவதால் பார்வை போகாது. மேலே மூடியிருக்கிற அழுகல் போவதால் மருந்து உள்ளே இறங்க அது உதவிதான்.

எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். கே.ஓ.எச். டெஸ்ட் என்று சீட்டில் இருக்கும். அந்தக் கரைசல் மற்ற செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை நூல் மட்டும் கிளை கிளையாக மைக்ராஸ்கோப்பில் தெரியும். சீட்டு எழுதிய கையோடு முடிவு வந்துவிடும். கூடவே கிராம் சாயம் போட்டுப் பாக்டீரியாவும் பார்ப்பார்கள். மிச்சத்தை வளர்ப்புத் தட்டில் தடவி வைப்பார்கள். பூஞ்சை வளர்ந்து எந்த வகை என்று தெரிய இரண்டு மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை காத்திராமல் கே.ஓ.எச். பார்த்தவுடனே மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாடிக்கைக் கூட நாலைந்து நாள் போட்டுவிட்டுப் போனால் தட்டில் பாக்டீரியா வளராமல் போய்விடும். முடிந்தவரை எதுவும் ஊற்றாத கண்ணோடு போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ன மருந்து தருவார்கள்?

முதல் மருந்து 5 சதவீத நேட்டமைசின் சொட்டு. பழைய மருந்து, அமெரிக்காவில் 1978-இலேயே அனுமதி பெற்றது. பூஞ்சையின் செல் சுவரை ஒட்டியுள்ள படலத்தில் எர்கோஸ்டெரால் என்று ஒரு பொருள் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையை முடக்கும். புது மருந்தான வோரிகோனசோல் இன்னும் நன்றாக உள்ளே ஊடுருவுமே, அது மேல் அல்லவா என்று ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். அதைத் தீர்த்து வைத்தது நம் தமிழ்நாட்டு நோயாளிகள்தான். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேருக்கு இரண்டில் ஒரு மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். நேட்டமைசின் போட்டவர்களுக்குப் பார்வையும் மேலாக இருந்தது, கண் ஓட்டையாவதும் குறைந்தது. ஃபியூசேரியம் வகையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஆஸ்பர்ஜில்லஸ் என்றாலோ நேட்டமைசின் மட்டும் போதவில்லை என்றாலோ வோரிகோனசோல், ஆம்போடெரிசின் என்று டாக்டர் சேர்ப்பார்.

நேட்டமைசின் பால் மாதிரி இருக்கும், அடியில் படியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேல் தண்ணீரை மட்டும் பத்து நாள் விட்டவரை எனக்குத் தெரியும்.

சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தரம் விட வேண்டுமா? யாரால் முடியும்?

முடிய வேண்டும். நேட்டமைசின் ஆழமாக ஊடுருவாது, அதனால் அளவை அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன ஆய்வில் விழித்திருக்கும் நேரமெல்லாம் முதல் வாரம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் புண்ணைப் பார்த்துச் சொல்வார். மொத்தச் சிகிச்சை ஒரு மாதத்தைத் தாண்டுவது சகஜம். அட்மிட் ஆகச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்: வீட்டுக்குப் போனால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவோம். வீட்டில் இருந்துதான் ஆகவேண்டும் என்றால் பள்ளிக்கூடம் போகிற பேத்தியிடம் போன் அலாரத்தை ஒப்படைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் அவர்களைவிடக் கறாரான நர்ஸ் கிடையாது.

இரண்டு மூன்று சொட்டு மருந்து இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். கூடவே கண்ணின் பாப்பாவை விரிக்கிற சொட்டும் தருவார்கள். வலிக்காக அது. அதைப் போட்டால் பார்வை இன்னும் மங்கும், பயப்பட வேண்டாம்.

புண்ணின் மேல் வெள்ளையாகப் படிகிறதே, கூடிவிட்டதா?

நேட்டமைசின் ஒட்டிக்கொண்டு அப்படித் தெரியும். டாக்டர் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் ஆறாதா?

சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்தால் நல்லதா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: மொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவு கூடியது. விலையும் அதிகம். சில ஆழமான புண்ணுக்கு டாக்டர் மாத்திரை தரலாம், கருவிழிக்குள்ளேயே நுண் ஊசியும் போடலாம். நாமாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையே?

முதல் நாலைந்து நாளில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். கூடாமல் நின்றாலே நல்ல சேதி. ஓரத்துப் பிசிறு மழுங்கி, புண் சுருங்க ஆரம்பிப்பது அப்புறம்தான். அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் சில சந்தேகங்கள் வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம். பித்தியம் என்று ஒரு கிருமியாகவும் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை மாதிரியே நூலாகத் தெரியும், ஆனால் அது பூஞ்சை இல்லை, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாழ்கிற வேறு இனம். அதன் படலத்தில் எர்கோஸ்டெரால் இல்லாததால் நேட்டமைசினுக்குப் பிடி கிடைக்காது. அதற்கு லினசோலிட், அசித்ரோமைசின் என்று போகிறார்கள். மறுபடி சுரண்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள்.

கண் மாற்ற வேண்டும் என்கிறார்கள். முழுக் கண்ணையுமா?

கருவிழியை மட்டும். புண் ஆழமாகி ஓட்டை விழுந்தாலோ விழும் நிலையில் இருந்தாலோ கெட்ட பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுத் தானமாக வந்த கருவிழியைத் தைப்பார்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கிற சின்ன ஓட்டையை மருத்துவப் பசையால் அடைத்து மேலே லென்ஸ் போட்டுச் சமாளிப்பதும் உண்டு.

இந்த அவசர ஆபரேஷனின் நோக்கம் பார்வை இல்லை, கண்ணைக் காப்பது. வைத்த கருவிழி பிறகு மங்கிவிடலாம், பூஞ்சை திரும்பவும் வரலாம். கண் அமைதியான பின் பார்வைக்காக இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்கலாம். இதை முன்பே சொல்லாமல் விட்டால், ஆபரேஷன் செய்தும் தெரியவில்லையே என்று குடும்பமே உடைந்து போகும். என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. கண் காப்பாற்றப்பட்டது, வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

புண் ஆறிவிட்டது, பூ விழுந்திருக்கிறது. மருந்தில் போகுமா?

பூ என்று நாம் சொல்வது தழும்பு. புதுசாக இருக்கும்போது சில மாதங்களில் தானாகக் கொஞ்சம் மெலியும். முழுசாகக் கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது, விளம்பரத்தை நம்பாதீர்கள். ஓரத்தில் இருந்தால் பார்வைக்குப் பெரிய குறை இல்லை. நடுவில் இருந்தால் கண்ணாடி, தனி லென்ஸ் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கருவிழி மாற்று.

எங்கே போவது?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் அங்கே காட்டலாம். எங்கே போனாலும் சீட்டு வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்கிராப்பிங் எடுத்து இன்றைக்கே ஸ்மியர் பார்ப்பீர்களா?" புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இல்லை என்றால் அங்கேயே ஒரு வாரம் உட்கார்ந்திருக்காமல் கருவிழிப் பிரிவு உள்ள இடத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்குச் சேலம் வசதி, ஓசூர், தளி பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு கிட்டம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கையோடு இருக்கட்டும், எதற்குச் செல்லும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கத்தரிக்காய், கருவாடு சாப்பிடலாமா? தலைக்கு ஊற்றலாமா? வீட்டில் மற்றவருக்குத் தொற்றுமா?

எல்லாம் சாப்பிடலாம், சர்க்கரைக்காரர் சர்க்கரைப் பத்தியத்தை மட்டும் விடாதீர்கள். கழுத்துக்குக் கீழே குளியுங்கள், தலைக்கு டாக்டர் சொன்ன பிறகு. தொற்றாது. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம்.

என் மகள் ஓசூரில் கம்பெனி வேலை. வயலுக்கே போவதில்லை. அவளுக்கு வருமா?

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறாரா? அப்படியானால் வரலாம். 2005, 2006-இல் லென்ஸ் கழுவும் ஒரு திரவத்தோடு தொடர்புடைய ஃபியூசேரியம் புண் அமெரிக்கா, சிங்கப்பூர் என்று பரவி, அந்தத் திரவத்தையே சந்தையிலிருந்து எடுத்தார்கள். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக்கூடாது. போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றி, டப்பாவோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகு மறுபடி அறுப்புக்குப் போகலாமா?

போகலாம், பிழைப்பு ஆயிற்றே. பக்கவாட்டிலும் மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வேர்க்கும், பனி படியும் என்று பெண்கள் கழற்றிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. காற்றுக்கு முதுகு காட்டித் தூற்றுவது, மெஷினில் வாய்ப்பக்கம் நிற்காமல் இருப்பது, முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் இருப்பது என்று சொல்லிப் பார்ப்பேன். பாலக்கோடு பக்கம் ஒருவர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர், இப்போது ராகி அடிக்கும்போது பைக் ஹெல்மெட்டைக் கண்ணாடியை இறக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார். களத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் கழற்றுவதில்லை.